ஹோம் சுத்தமா இருக்கு, சரி. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கணும்னு யார் முடிவு பண்றது?

(ஒலி வடிவத்தின் எழுத்துப் பதிவு. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் கனமானது. ட்ராஃபிக்ல கேட்டுட்டு இருந்தீங்கன்னா பரவாயில்லை, ஆனா கடைசிப் பகுதியை மட்டும் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை கேளுங்க. அதுல ஒரு பட்டியல் இருக்கு.

நம்ம பாட்காஸ்ட் கேட்கிற ஒருத்தங்க மெயில் போட்டிருந்தாங்க. பெங்களூர்ல ஐடி வேலை. அவங்க அண்ணனுக்கு பைக் விபத்துல கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல அடி. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல் எதையும் பிடிக்காது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அம்மாதான் தூக்கி, குளிப்பாட்டி, டியூப் மாத்தி எல்லாம் பார்க்கிறாங்க. அம்மாவுக்கு 60 தாண்டிடுச்சு. இடுப்பு போயிடுச்சு. இப்போ ஒரு ஹோம் பார்த்திருக்காங்களாம். "தரை பளபளன்னு இருக்கு, கேமரா இருக்கு, நர்ஸ் இருக்காங்க. வேற என்ன பார்க்கணும்?"னு கேட்டிருந்தாங்க.

நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனா "எல்லாம் பச்சை விளக்கு காட்டுது, உள்ளே சிஸ்டம் செத்துட்டிருக்கு" அப்படிங்கிற நிலைமை எனக்குப் பழக்கம். அதனால இந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, "ஹோம்ல பாதுகாப்பு"ன்னு நாம எதை நினைச்சுட்டிருக்கோமோ அது பாதிதான்னு தெரிஞ்சுது.

முதல்ல உடம்பு

தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்கு வர்ற பெரிய ஆபத்துகள் சினிமால காட்டுற மாதிரி திடீர்னு வர்றது குறைவு. மெதுவா, சத்தமில்லாம வரும்.

ஒண்ணு, படுக்கைப் புண். நீங்களும் நானும் நாற்காலில உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தெரியாம நெளிஞ்சுக்கிட்டே இருக்கோம். வலி வந்தா உடம்பு தானா நகருது. உணர்ச்சி இல்லாத உடம்புக்கு அந்த அலாரம் கிடையாது. ஒரே இடத்துல எடை அழுத்தினா ரத்த ஓட்டம் நின்னு சதை சாகும். முதல்ல ஒரு சிவப்புத் தழும்பு. அழுத்திப் பார்த்தா வெளுக்காது. அந்தக் கட்டத்துல பார்த்துட்டா, எடையை எடுத்துட்டா, பெரும்பாலும் சரியாயிடும். விட்டுட்டா எலும்பு வரைக்கும் போகும். மாசக் கணக்குல ஆஸ்பத்திரி. அதனாலதான் படுக்கைல இருக்கிறவங்களை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னு வழக்கமா சொல்லித் தர்றாங்க. சக்கர நாற்காலில இருந்தா அதைவிட அடிக்கடி எடையை மாத்தணும். சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் ஞாபகம் இருக்கா? குதிரையில இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பணம் இருந்துச்சு, ஆள் இருந்தாங்க. 2004ல இறக்கிறதுக்கு முன்னாடி அவர் படுக்கைப் புண்ல வந்த தொற்றுக்குத்தான் சிகிச்சை எடுத்துட்டிருந்தார்.

ரெண்டாவது, திடீர் ரத்த அழுத்தம். கழுத்துலயோ நெஞ்சு முதுகின் மேல் பகுதிலயோ அடிபட்டவங்களுக்கு, சிறுநீர்ப்பை நிறைஞ்சாலோ, டியூப் மடங்கி அடைச்சாலோ, மலச்சிக்கல் ஆனாலோ, ரத்த அழுத்தம் சரசரன்னு ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்க்கும். உடனே உட்கார வைச்சு, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கான்னு பார்க்கணும். குறையலைன்னா ஆஸ்பத்திரி. கவனிக்காம விட்டா பக்கவாதம் வரைக்கும் போகலாம். "தலைவலியா? மாத்திரை போட்டுட்டுப் படுங்க"ன்னு சொல்ற ஒரு அட்டெண்டர் போதும், ஒரு உயிர் போக.

மூணாவது, சுடுதண்ணி. உணர்ச்சி இல்லாத காலுல கொதிக்கிற தண்ணி ஊத்தினா கத்த மாட்டாங்க. தோல் உரிஞ்ச பிறகுதான் தெரியும்.

இந்த மூணுலயும் என்ன பொதுவா இருக்குன்னு பாருங்க. விலை உயர்ந்த மெஷின் எதுவும் தேவைப்படலை. நேரத்துக்கு ஒரு ஆள் வரணும். அந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அப்புறம், படுத்திருக்கிறவர் தயங்காம "என்னைத் திருப்பு"ன்னு சொல்ல முடியணும்.

மூணாவதுதான் பெரிய சிக்கல். ஹோம்ல இருக்கிறவங்க பலர் வேணும்னே தண்ணி குறைவா குடிப்பாங்க. ஏன்? குடிச்சா திரும்பத் திரும்ப ஆளைக் கூப்பிடணும். கூப்பிட்டா முகம் சுளிப்பாங்க. அப்படித் தண்ணி குறைஞ்சா சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், அதுலருந்து மேல சொன்ன ரத்த அழுத்தம் வரும். ரிப்போர்ட்ல "தொற்று"ன்னு எழுதுவாங்க. உண்மையான காரணம், ஒரு மனுஷன் உதவி கேட்கப் பயந்தது. அந்தப் பயத்துக்குன்னு எந்த ஹோம் ரெஜிஸ்டர்லயும் ஒரு கட்டம் கிடையாது.

லெ கோர்ட்ல நடந்த கதை

இதை 60 வருஷத்துக்கு முன்னாடியே உடைச்சுப் பேசினவங்க இருக்காங்க. இங்கிலாந்துல, ஹாம்ப்ஷயர்ல, லெ கோர்ட்னு ஒரு வீடு.

லெனார்ட் செஷயர் இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் விமானப்படையோட பெரிய ஹீரோ. நாகசாகில குண்டு விழுந்ததை விமானத்துலருந்து நேர்ல பார்த்தவர். போர் முடிஞ்சு 1948ல, சாகக் கிடந்த ஒரு பழைய விமானப்படை ஊழியரை யாரும் வச்சுக்கலைன்னு, தன்னோட லெ கோர்ட் வீட்டுக்கே கூட்டிட்டு வந்து தானே கவனிச்சார். அப்படித்தான் செஷயர் இல்லங்கள் தொடங்குச்சு. அப்புறம் பல நாடுகளுக்குப் போச்சு. 1950களிலேயே இந்தியாவுக்கு வந்துடுச்சு. சென்னைலயும் செஷயர் இல்லம் உண்டு. நான் சொல்லப்போறது இங்கிலாந்துல இருந்த அந்த முதல் இல்லத்தைப் பத்தி மட்டும்.

1956ல லெ கோர்ட்டுக்கு பால் ஹன்ட்னு ஒரு இளைஞர் வந்து சேர்றார். வயசு 19. தசைச் சிதைவு நோய். அதுக்கு முன்னாடி இருந்தது ஆஸ்பத்திரி வார்டு. அதோட ஒப்பிட்டா லெ கோர்ட் சொர்க்கம். அந்தக் காலத்துல உடல் ஊனமுள்ள இளைஞர்களுக்குக் கிடைச்ச நல்ல இடங்கள்ல அது ஒண்ணு. இதை மனசுல வச்சுக்கோங்க. நான் சொல்லப்போற சண்டை ஒரு மோசமான இடத்துல நடக்கலை. நல்ல இடத்துல நடந்துச்சு.

எதுக்கு சண்டை? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறது. டிவி பார்க்கலாமா. ஒரு கிளாஸ் பீர் குடிக்கலாமா. ஆணும் பெண்ணும் பழகலாமா. இல்லத்தை நடத்துற கமிட்டில, அங்க வாழ்றவங்களுக்கு இடம் உண்டா. கேட்டா சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா 25 வயசு ஆளை, உதவியாளரோட ஷிஃப்ட் முடியப்போகுதுன்னு, சாயங்காலமே படுக்கைல போட்டுடுறதை யோசிச்சுப் பாருங்க. வாழ்க்கை முழுக்க. தினமும்.

லெ கோர்ட் வாசிகள் 1960கள்ல ஒரு காரியம் பண்ணாங்க. "எங்க பக்கத்து நியாயத்தை நிபுணர்கள் வந்து பார்க்கட்டும்"னு, லண்டன்ல இருந்த டாவிஸ்டாக் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களை அவங்களே அழைச்சாங்க. எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின்னு ரெண்டு பேர் வந்தாங்க. லெ கோர்ட் மட்டுமில்ல, இன்னும் சில இல்லங்களையும் ஆராய்ஞ்சு 1972ல ‘எ லைஃப் அபார்ட்’னு புத்தகமா போட்டாங்க.

அந்தப் புத்தகத்துல ஒரு பயனுள்ள பிரிவு இருக்கு. சில இல்லங்கள் கிடங்கு மாதிரியாம். சரக்கைப் பத்திரமா வைக்கிற மாதிரி, உயிரைப் பிடிச்சு வச்சிருக்கிறதுதான் அதோட வேலை. நல்ல வாசி யாருன்னா, எதுவும் கேட்காதவர். இன்னும் சில இல்லங்கள் தோட்டம் மாதிரியாம். ஒவ்வொருத்தரோட திறமையையும் தண்ணி ஊத்தி வளர்க்கப் பார்ப்பாங்க. ஆனா அதுலயும் ஒரு கோளாறு. "நீங்க எல்லாரையும் மாதிரிதான்"னு சொல்லிச் சொல்லி, ஒருத்தரோட நிஜமான வலியையும் இயலாமையையும் மறைச்சுடுவாங்க. செடி நல்லா வளரும், ஆனா எங்க நடணும்னு தோட்டக்காரர்தான் முடிவு பண்ணுவார். இந்தக் கடைசி வரி மட்டும் என்னோடது.

இதுவரைக்கும் சரி. ஆனா அதே புத்தகம் இன்னொண்ணும் சொல்லுச்சு. இந்த இல்லங்களுக்கு வந்து சேர்றவங்க சமூகத்தைப் பொறுத்தவரை ஏற்கெனவே இறந்துட்டாங்களாம். அந்த சமூக மரணத்துக்கும் நிஜ மரணத்துக்கும் நடுவுல இருக்கிற காலத்தைக் கடக்க உதவுறதுதான் இல்லத்தோட வேலையாம்.

அழைச்சவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்களுக்கு நியாயம் சொல்ல வாங்கன்னு கூப்பிட்டாங்க. வந்தவங்க, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிக்கிறோம்னு சொல்லி, கடைசில மரணத்தை ஒழுங்கா நிர்வாகம் பண்றது எப்படின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. பால் ஹன்ட் இதுக்குக் கடுமையா பதில் எழுதினார். ‘ஒட்டுண்ணி மனிதர்களோடு கணக்குத் தீர்ப்பது’ங்கிற அர்த்தத்துல தலைப்பு. அவர் 1979ல இறந்துட்டார். கட்டுரை 1981லதான் அச்சுல வந்துச்சு. அவர் கேட்டதோட சாரம் இதுதான்: எங்களை ஒதுக்கி வைக்கிற ஏற்பாட்டைக் கேள்வி கேட்காம, அந்த ஏற்பாட்டுக்குள்ள கொஞ்சம் திருத்தம் சொல்ற உங்களை எப்படி நடுநிலைன்னு ஒத்துக்கிறது?

ஒரு கடிதம், ஒரு இயக்கம்

1972 செப்டம்பர் 20. ‘கார்டியன்’ பத்திரிகைல பால் ஹன்ட் எழுதின சின்னக் கடிதம் வருது. இல்லங்கள்ல அடைபட்டுக் கிடக்கிறவங்க பேச்சை யாரும் கேட்கிறதில்லை, நாமளே ஒரு அமைப்பா சேருவோம்னு அழைப்பு. அதுலருந்து யூபியாஸ்னு ஒரு அமைப்பு பிறக்குது. தென்னாப்பிரிக்கால நிறவெறி அரசை எதிர்த்துச் சிறைக்குப் போன விக் ஃபிங்கல்ஸ்டீனும் அதுல முக்கியமான ஆள். அவர் சக்கர நாற்காலில இருந்தவர்.

அவங்க 1976ல வெளியிட்ட அறிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவா பிரிச்சுது. கால் வேலை செய்யாதது உடம்போட நிலை. வாசல்ல படி மட்டும் வச்சு, பஸ்ல ஏற முடியாம பண்ணி, வேலை கொடுக்காம, கடைசில ஒரு இல்லத்துல கொண்டு போய் விடுறது சமூகம் செய்யிற வேலை. ஊனம்ங்கிறது ரெண்டாவதுதான்னாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க மாற்றுத்திறனாளி உரிமை பேசுறவங்க இதை சமூக மாதிரின்னு சொல்வாங்க. அதோட ஒரு வேர், ஒரு ஹோம்ல "நான் எப்ப தூங்கணும்"ங்கிற சண்டைல இருக்கு.

லெ கோர்ட்ல இருந்தவங்க அதோட நிக்கலை. 1979ல ஜான் எவன்ஸும் இன்னும் சில வாசிகளும் ‘ப்ராஜெக்ட் 81’னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு, அதனால அந்தப் பேர். அவங்க வாதம் நம்ம ஊர் பட்ஜெட் மீட்டிங்ல வைக்கிற மாதிரி நேரானது. "என்னை இந்த இல்லத்துல வைக்க கவுன்சில் செலவு பண்ணுது. அதே பணத்தை என் கைல கொடு. வெளில வீடு எடுத்து, எனக்குப் பிடிச்ச உதவியாளரை நானே வேலைக்கு வச்சுக்கிறேன்."

சட்டம் தடுத்துச்சு. 1948ல போட்ட சட்டப்படி தனி ஆளுக்குப் பணமா கொடுக்க முடியாது. அதனால பணம் இல்லத்துக்குப் போய், அங்கருந்து அவங்களுக்கு வர்ற மாதிரி ஒரு சுத்துவழி கண்டுபிடிச்சாங்க. ப்ரொடக்‌ஷன்ல ஒரு சிஸ்டத்தை மாத்த முடியலைன்னா நடுவுல ஒரு லேயர் போட்டு வேலையை ஓட்டுவோமே, அதே தான். ஒவ்வொருத்தரா வெளில வந்தாங்க. 1996ல பிரிட்டன் நாடாளுமன்றம் நேரடியா பணம் கொடுக்கிறதை அனுமதிக்கிற சட்டத்தையே போட்டுச்சு. சுத்துவழி ராஜபாட்டை ஆயிடுச்சு.

நம்ம ஊருக்கு வருவோம்

"இதெல்லாம் இங்கிலாந்து. இங்க பணத்தை யார் கைல கொடுக்கிறாங்க?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா சட்டத்துல நாம அவ்வளவு பின்னால இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 5ஆவது பிரிவு, சமூகத்தோட சேர்ந்து வாழ்றது உரிமைன்னு சொல்லுது. இந்த இடத்துலதான் இருக்கணும்னு ஒருத்தரைக் கட்டாயப்படுத்துற நிலைமை வராம பார்க்க அரசு முயற்சி எடுக்கணும்ங்குது. தனிப்பட்ட உதவியாளர் சேவையையும் குறிப்பிடுது. 7ஆவது பிரிவுல, கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா யார் வேணும்னாலும் புகார் சொல்லலாம். 50ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாம மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனமே நடத்தக் கூடாது. நடைமுறைல இதுக்கும் தரைக்கும் தூரம் அதிகம். அதனாலதான் நாம கேட்க வேண்டியிருக்கு.

கேட்காம விட்டா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு நல்லாத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்டவங்களை வச்சிருந்த ஒரு காப்பகத்துல தீ. 28 பேர் இறந்தாங்க. சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியலை. அது வேற வகை காப்பகம்தான். ஆனா தானா எழுந்து ஓட முடியாத 20 பேர் மாடில இருக்கிற ஒரு ஹோம்ல தீப்பிடிச்சா, கண்ணுக்குத் தெரியாத சங்கிலி அங்கயும் இருக்கு.

நல்ல உதாரணமும் நம்மகிட்ட இருக்கு. தென்காசி பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம். 1975ல கடற்படை அதிகாரி தேர்வுல நடந்த விபத்துல கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ல தொடங்கினது. தசைச் சிதைவு உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னாடி அவரோட சேர்ந்தார். நடத்துறவங்களே சக்கர நாற்காலில இருக்கும்போது, சரிவுப்பாதை இடிக்குதுன்னு யாரும் மனு போட வேண்டியதில்லை.

இன்னொண்ணையும் சொல்லிடணும். "ஹோமே தப்பு, வீடுதான் கோயில்"னு நான் சொல்ல வரலை. வீட்டுல அம்மா ஒருத்தர்தான் எல்லாம்னா, அதை எங்க வேலைல ‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்’னு சொல்வோம். அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா எல்லாமே நின்னுடும். அந்த அம்மாவுக்கும் ஒரு உடம்பு இருக்கு, தூக்கம் இருக்கு. ஹோம் தேடுற குடும்பத்தைக் கைவிட்டவங்கன்னு பேசுறதுக்கு நமக்குத் தகுதி கிடையாது.

ஹோமுக்குப் போனா என்ன கேட்கணும்

சரி, பட்டியல்.

முதல்ல, ஆபீஸ் ரூம்ல உட்காராதீங்க. அங்க இருக்கிறவங்கள்ல ரெண்டு பேரோட தனியா பேசணும்னு கேளுங்க. நிர்வாகி கூடவே நின்னா, அதுவே ஒரு பதில்.

அவங்ககிட்ட கேளுங்க: நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க? அது நீங்க சொன்ன நேரமா, அவங்க சொன்ன நேரமா? மணி அடிச்சா எவ்வளவு நேரத்துல வர்றாங்க? கடைசியா எப்ப வெளில போனீங்க? உங்க போன் உங்ககிட்டயே இருக்கா? ஒரு பெண்ணுக்கு குளிக்க உதவி வேணும்னா பெண்தான் வர்றாங்களா?

அட்டெண்டர்கிட்ட கேளுங்க: ராத்திரி ஷிஃப்ட்ல எத்தனை பேரை எத்தனை ஆள் பார்க்கிறீங்க? 30 பேருக்கு ஒருத்தர்னா, 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புறோம்னு சார்ட்ல எழுதியிருக்கிறது கதை. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருத்தரைத் திருப்ப 5 நிமிஷம்னா 30 பேருக்கு 150 நிமிஷம். 2 மணி நேரம்னா 120 நிமிஷம்தான். தூக்குற ஆளுக்குப் பயிற்சி உண்டா, எத்தனை மாசமா இங்க வேலை பார்க்கிறார்னும் கேளுங்க. ஆள் மாறிக்கிட்டே இருக்கிற இடத்துல சம்பளமும் சரியில்லை, கவனிப்பும் நிக்காது.

நர்ஸ்கிட்ட: இப்ப இங்க எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கு? "யாருக்குமே இல்லை"ன்னு வேகமா வர்ற பதிலைவிட, "ரெண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தருக்கு வந்தப்பவே இருந்துச்சு, இப்படிப் பார்க்கிறோம்"ங்கிற பதிலை நான் நம்புவேன். கழுத்துல அடிபட்டவருக்கு திடீர்னு தலைவலி, வியர்வைன்னா என்ன செய்வீங்கன்னும் கேளுங்க. "உட்கார வைப்போம், டியூப் பார்ப்போம்"னு வரணும்.

நிர்வாகிகிட்ட: பதிவுச் சான்றிதழ் எங்க மாட்டியிருக்கு? தீப்பிடிச்சா எப்படி இறக்குவீங்க, கடைசியா ஒத்திகை எப்ப பண்ணீங்க? புகார் சொன்ன வாசிக்கு என்ன ஆச்சு, ஒரு உதாரணம் சொல்லுங்க. உங்க கமிட்டில இங்க வாழ்றவங்க யாராவது இருக்காங்களா?

கேமரா பத்தி ஒரு வார்த்தை. கேமரா ஒருத்தர் கீழே விழுந்ததைக் காட்டும். அவர் தண்ணி கேட்கத் தயங்கினதைக் காட்டாது. ரூமுக்குள்ள கேமரான்னா, உடை மாத்துறதை யார் பார்க்கிறாங்கன்னு கேளுங்க.

அப்புறம், சேர்த்ததோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. முன்னறிவிப்பு இல்லாம போங்க. சாயங்காலம் 7 மணிக்கு, ஞாயித்துக்கிழமை மதியம், இப்படி. வெளி ஆள் அடிக்கடி வந்துபோற வீட்டுல கை ஓங்குறவங்களும் யோசிப்பாங்க.

மெயில் போட்ட தோழிக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க மெயில்ல அம்மா என்ன நினைக்கிறாங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க, சொந்தக்காரங்க என்ன சொல்றாங்கன்னு எல்லாம் இருந்துச்சு. அண்ணன் என்ன சொல்றார்ங்கிறது இல்லை. அடுத்த தடவை ஹோம் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க. அந்த வாசல்ல அவர் நாற்காலி ஏறுதான்னு பாருங்க. கேள்விகளை அவரே கேட்கட்டும். பதில் சொல்றவங்க அவர் முகத்தைப் பார்த்துச் சொல்றாங்களா, உங்க முகத்தைப் பார்த்துச் சொல்றாங்களான்னு கவனிங்க. ஒரு மாசம் தங்கிப் பார்த்துட்டு முடிவு பண்ண முடியுமான்னும் கேளுங்க. பிடிக்கலைன்னா வெளில வர ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான், அவர் உள்ள போறதை அவரோட முடிவுன்னு சொல்ல முடியும்.

ஹோம்ல இருக்கிறவங்க, இருந்தவங்க, அங்க வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா எழுதுங்க. நான் விட்ட கேள்விகளைச் சொல்லுங்க, பட்டியல்ல சேர்த்துடுறேன். பேர் போட வேண்டாம்னா போட மாட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.